ஒரு குழந்தையை நான் இரண்டாக எண்ணிய கதை

பிள்ளைகளா, எண்ணத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன் (படிப்பு நிற்கவில்லை, அது என்னை விட்டுவிட்டு மேலே போய்விட்டது). ஆனால் எண்ணிக்கையில் நான் கெட்டி. வீடு மாற்றிக் கொடுப்பது என் தொழில். லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டைப் பிரித்துக் கட்டி, எலெக்ட்ரானிக் சிட்டியில் பதினோராவது மாடியில் இறக்கும்போது, நாற்பத்தேழு அட்டைப்பெட்டி ஏறியிருந்தால் நாற்பத்தேழுதான் இறங்கும். ஒரு பெட்டி குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு குழந்தையை இரண்டு என்று எண்ணினேன். எண்ணியதோடு நிற்காமல் ஊருக்கே அறிவித்தேன். அதுவும் அந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்னாலேயே.

அந்தக் குழந்தை உங்களோடு கிரிக்கெட் ஆடுகிற நம் ஜோயல்தான். அவன் பிறந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். குற்றவாளி நான். நடந்ததை நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

காலை ஆறு மணிக்கு என் மனைவி ஸ்டெல்லா என்னை எழுப்பினாள். "என்னங்க, ஆரம்பிச்சுடுச்சு போல" என்றாள். நான் எழுந்தவுடன் செய்த முதல் காரியம், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையைத் தூக்கி எடை பார்த்தது. (தொழில் புத்தி.) அந்தப் பையை மூன்று நாளைக்கு முன்பே நான் கட்டிவைத்திருந்தேன். உள்ளே பபிள் ஷீட், வெளியே மூன்று சுற்று பிரவுன் டேப், நாலு பக்கமும் "உடையும் பொருள், மேல் பக்கம் இது" என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர். உள்ளே இருந்தது ரெண்டு நைட்டி, ஒரு துண்டு, குழந்தைக்குக் கொஞ்சம் வெள்ளைத் துணி. அன்றைக்கு அதைப் பிரிக்க நர்ஸ் சிஸ்டர் ஒரு கத்திரிக்கோலைத் தேடி, அது போதாமல் இன்னொன்றையும் தேடினார்கள்.

நாங்கள் போனது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த சின்ன ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை விடுவார்கள். ஸ்டெல்லா என்னைத் தேர்ந்தெடுத்தாள். காரணம் பாசம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளே பிறகு சொன்னாள்: "எங்கம்மா இருந்தா அழுவாங்க. எங்கண்ணி இருந்தா பேசுவாங்க. நீங்கதான் ஒண்ணும் பேசாம சொன்னதைச் செய்வீங்கன்னு நினைச்சேன்."

நினைத்தாள், பாவம்.

ஸ்டெல்லா லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நர்சரி ஸ்கூல் டீச்சர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் உருது எல்லாம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். நான் குடியாத்தத்திலிருந்து வந்து அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. என் கன்னடம் முழுக்க மாடிப்படியில் கற்றுக்கொண்டது. எடகடெ, பலகடெ, மேலே, கெளகே, நிதானா. அதாவது இடது, வலது, மேலே, கீழே, மெதுவாக. இந்த ஐந்து சொல்லை வைத்துக்கொண்டு பெங்களூரில் எந்த பீரோவையும் எந்த மாடிக்கும் ஏற்றிவிடலாம். அதனால் எனக்குக் கன்னடம் தெரியும் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

வலி வர ஆரம்பித்தபோதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஸ்டெல்லா பிடித்துக்கொண்டது முதுகுக்குக் கீழே, இடுப்பின் பின்பக்கத்தை. "முன்னாடி ஒண்ணுமே இல்லைங்க. பின்னாடிதான். யாரோ கடப்பாரையை வெச்சு நெம்புற மாதிரி இருக்கு" என்றாள். நடுநடுவே வலி விடும் என்பார்களே, அதுவும் சரியாக விடவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். ஸ்டெல்லாவிடம் இங்கிலீஷிலும் கன்னடத்திலுமாக ரொம்ப நேரம் பேசினார். எனக்குக் கடைசியில் சொன்னதுதான் புரிந்தது, ஏனென்றால் அதை எனக்காகத் தமிழில் சொன்னார்: "மத்தியானம் வரைக்கும் பார்க்கலாம். லேட் ஆகும். இவங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டா ஆபரேஷன் பண்ணிடலாம். பயப்பட ஒண்ணுமில்லை."

"என்னால முடியற வரைக்கும் பார்க்கறேன் மேடம்" என்றாள் ஸ்டெல்லா. அவள் குரலில் பயம் இருந்தது. எனக்கு அது தெரிந்தது.

கிரிஜா சிஸ்டர் என்று ஒருவர். ஐம்பது வயசு இருக்கும். அவர் ஸ்டெல்லாவைப் படுக்க விடவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து நிற்கச் சொன்னார். இடுப்பை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டச் சொன்னார். பிறகு என் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தை ஸ்டெல்லாவின் இடுப்பெலும்பு மேல் வைத்து, "இல்லி ஒத்தி" என்றார். இங்கே அழுத்து.

அழுத்தினேன்.

"இன்னும்" என்றாள் ஸ்டெல்லா.

இன்னும் அழுத்தினேன்.

"அப்பாடா. அப்படியே. கையை மட்டும் எடுத்துடாதீங்க."

பிள்ளைகளா, வாழ்க்கையில் முதல்முறையாக என் தொழில் என் குடும்பத்துக்கு உதவியது. படிக்கட்டில் ஃபிரிட்ஜ் ஏற்றும்போது கீழே நிற்கிறவன் வேலை இதுதான். உள்ளங்கையைக் கொடுத்து, முழங்கையை மடக்காமல், காலை அகட்டி நின்று தாங்க வேண்டும். எட்டு வருஷமாக நான் கீழே நிற்கிறவன். என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இல்லை, சிஸ்டரிடம் விஷயம் கேட்டேன். "ஏனு சிஸ்டர், யாக்கே லேட்?" (ஏன் தாமதம் என்று கேட்டேன். இதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.)

சிஸ்டர் என் பக்கம் குனிந்து, ஸ்டெல்லாவுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார்: "மகு பென்னிகெ பென்னு கொட்டு மலகிதெ. அதக்கே லேட். பயபடபேடி, தானே திருகுத்தெ."

சொன்னதோடு, இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று புறங்கை ஒட்டும்படி வைத்துக் காட்டினார்.

என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்ததுதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம். மகு என்றால் குழந்தை, அது தெரியும். மலகிதெ என்றால் படுத்திருக்கிறது, திருகுத்தெ என்றால் திரும்பும், அதுவும் தெரியும். நடுவில் வந்த "பென்னிகெ பென்னு"? அதற்கு அகராதி வேண்டுமா என்ன? பெண்ணுக்குப் பெண்ணு! அதோடு இரண்டு கை! ஒரு பெண்ணை ஒட்டி இன்னொரு பெண்!

எனக்குக் கால் தரையில் இல்லை.

நீங்கள் கேட்பீர்கள், ஸ்கேனில் ஒரு குழந்தைதானே தெரிந்தது என்று. நானும் என்னையே கேட்டேன். பதிலும் வைத்திருந்தேன். லாரியில் ஒரு பெட்டிக்குப் பின்னால் அதே அளவில் இன்னொரு பெட்டி இருந்தால், முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுதான் தெரியும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! சிஸ்டர் ஏன் தணிந்த குரலில் சொன்னார் என்பதற்கும் பதில் இருந்தது. எதிர்ச் சுவரிலேயே பெரிய பலகை மாட்டியிருந்தது, பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று. பாவம் சிஸ்டர், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, சட்டத்தை மீறி ரகசியத்தைச் சொல்லிவிட்டார்!

"பாத்ரூம் போயிட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன்" என்று ஸ்டெல்லாவிடம் பொய் சொன்னேன். கையை எடுத்தேன்.

வராந்தாவுக்கு ஓடி, மச்சான் ஜேம்ஸுக்கு போன் போட்டேன். ஜேம்ஸ், ஸ்டெல்லாவின் அண்ணன். அப்போது சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆராதனை பாதியில் இருந்தது, பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

"மச்சான், ரெட்டை! ரெண்டும் பொண்ணு!"

"ஐயோ மாப்ள! பொறந்துடுச்சா?"

"இன்னும் இல்ல மச்சான்."

"அப்புறம் எப்படிடா தெரியும்?"

"சிஸ்டர் ரகசியமா சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா அவங்க வேலை போயிடும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சேச்சே. என்னைத் தெரியாதா உனக்கு?"

தெரிந்ததால்தான் இரண்டு முறை சொன்னேன். அப்படியும் ஜேம்ஸ் மச்சான் ஒரே ஒருவரிடம் சொன்னார். பாஸ்டரிடம். பின்னாளில் கேட்டபோது, "ஜெபம் பண்ணத்தானே சொன்னேன் மாப்ள? அவர் கையில மைக் இருந்ததுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

நான் உள்ளே திரும்பி வந்தபோது என் இரண்டு நிமிஷம் பத்து நிமிஷமாகியிருந்தது. ஸ்டெல்லா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கிரிஜா சிஸ்டர் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். யாரும் இல்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"மூணு வலி" என்றாள். "நீங்க போனப்புறம் மூணு வலி வந்துச்சு. தனியா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் கையை வைத்து அழுத்தினேன். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எனக்கு முடியலைங்க. ஆபரேஷனே பண்ணிடச் சொல்லிடலாமா?" என்றாள். அதுவரை அந்த வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு முன்புவரை "முடியும்" என்றவள். இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான், என் கை.

அப்போது டாக்டரம்மா வந்து பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, இன்னும் திரும்பவில்லை, ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றார். எனக்கு ஏதாவது உதவி செய்துவிட வேண்டும் என்று துடிப்பு. "மேடம், திரும்பறதுக்கு இடம் பத்தலைன்னா, ஒரு மூலையைக் கொஞ்சம் தூக்கிச் சாய்ச்சு, அப்புறம் எடகடெ கொண்டுவந்தா வந்துடும் மேடம். மூணு கதவு பீரோவையே நாங்க அப்படித்தான்..."

டாக்டரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நிம் கெலசா நீவு மாடி" என்றார். உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். இந்தக் கன்னடம் மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

என் வேலையைப் பார்த்தேன். வலது கை ஸ்டெல்லாவின் இடுப்பில். சட்டைப்பையில் போன் மட்டும் அடங்கவில்லை. டுர்ர், டுர்ர் என்று நடுங்கிக்கொண்டே இருந்தது.

"யாரு அது? எடுத்துத்தான் பாருங்களேன்" என்றாள் ஸ்டெல்லா. "கையை எடுக்காம."

இடது கையால் போனை எடுத்தேன். சத்தத்தைக் குறைக்கத்தான் கட்டை விரலை வைத்தேன். விரல் ஜேம்ஸ் மச்சான் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ் மேல் பட்டுவிட்டது. பாஸ்டரின் குரல் அந்த அறை முழுக்க மைக் வைத்த மாதிரி கேட்டது:

"நம் சகோதரி ஸ்டெல்லாவுக்கு ஆண்டவர் இரட்டைப் பெண் பிள்ளைகளைக் கொடுக்கப்போகிறார்! சபையாரே, எல்லோரும் கைகளைத் தட்டி ஸ்தோத்திரம் சொல்வோம்!"

பிறகு கைதட்டல். ஒரு சபையே தட்டியது. யாரோ ஜல்ஜல் என்று தம்புரீன் வேறு குலுக்கினார்கள்.

ஸ்டெல்லா தலையணையிலிருந்து மெதுவாக முகத்தைத் தூக்கினாள்.

"யாருக்கு ரெட்டை?"

"உனக்குத்தான்."

"எனக்கா? எனக்குத் தெரியாமலா?"

"சிஸ்டர் சொன்னாங்க. ரகசியமா. நீ பயந்துடுவேன்னு..."

"என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

"பென்னிகெ பென்னு" என்றேன். சிஸ்டர் காட்டிய மாதிரி கையைக் காட்ட முடியவில்லை, ஒரு கை அவள் இடுப்பில் இருந்தது.

அடுத்த வலி வந்தது. அவள் பல்லைக் கடித்து, இடுப்பை ஆட்டி, மூச்சை ஊதி ஊதி அதைக் கடந்தாள். கடந்ததும் முதல் வேலையாக எனக்குப் பாடம் எடுத்தாள். டீச்சர் அல்லவா!

"பாலுக்குக் கன்னடத்துல என்ன?"

"ஹாலு."

"பல்லுக்கு?"

"ஹல்லு."

"புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்லித் தர்றீங்க, தமிழ்ல 'ப' வந்தா கன்னடத்துல 'ஹ' வரும்னு? அப்போ பெண்ணுக்கு?"

நான் யோசித்தேன். மனசுக்குள் 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ'வைப் போட்டுப் பார்த்தேன்.

"ஹெண்ணு."

"பென்னுன்னா முதுகுய்யா! பென்னிகெ பென்னுன்னா முதுகுக்கு முதுகு! குழந்தை அதோட முதுகை என் முதுகோட ஒட்டிக்கிட்டுப் படுத்திருக்கு. சாதாரணமா என் முதுகைப் பார்த்த மாதிரி திரும்பியிருக்கணும். இது வெளிய வேடிக்கை பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கு. அதோட தலையோட பின்பக்கம் என் எலும்புல இடிக்குது. அதனாலதான் எனக்கு இவ்வளவு வலி. அது திரும்பறதுக்காகத்தான் நான் ஒரு மணி நேரமா இங்க குனிஞ்சு டான்ஸ் ஆடிட்டிருக்கேன்!"

எட்டு வருஷம் மாடிப்படிக் கன்னடம் பேசினேனே, அதில் முதுகு என்ற சொல் ஒருநாளும் வரவில்லை. பீரோவுக்கு யாரும் முதுகு என்று சொல்வதில்லை.

"அப்போ நீங்க பாத்ரூம் போகலை" என்றாள்.

"போகலை."

"போன் பேசத்தான் கையை எடுத்தீங்க."

"ஆமா. தப்புதான் ஸ்டெல்லா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "தம்புரீன் வேற அடிச்சாங்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த கிரிஜா சிஸ்டரிடம் மூச்சு வாங்க வாங்கக் கன்னடத்தில் சொன்னாள். சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பிரசவ அறையில் சிரிக்காத ஒரே ஆள் நான்தான்.

"போனை சிஸ்டர்கிட்ட குடுங்க" என்றாள் ஸ்டெல்லா. கொடுத்தேன். "ரெண்டு கையும் வைங்க." வைத்தேன். "ஆபரேஷன் வேணும்னா நான் அப்புறமா சொல்றேன். இப்போ அழுத்துங்க."

அதன் பிறகு நான் கையை எடுக்கவில்லை. அவள் நின்றபோது நின்று அழுத்தினேன். அவள் தரையில் பாய் போட்டு, யானை மாதிரி கையும் முழங்காலும் ஊன்றி நின்றபோது நானும் மண்டியிட்டு அழுத்தினேன். மூக்கு அரித்தது. சொறியவில்லை. வெந்நீர்ப் பை வைக்க சிஸ்டர் என் கையைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னபோது, ஸ்டெல்லாவிடம் அனுமதி கேட்டுத்தான் நகர்த்தினேன். எத்தனை வலி வந்தது என்று எண்ணவும் இல்லை. அன்றைக்கு எண்ணுகிற வேலையே எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

டாக்டரம்மா சொன்ன ஒரு மணி நேரம் முடிந்து, அதற்கு மேல் இன்னும் கொஞ்ச நேரம் தரலாம் என்று அவர் சொல்லி, அதுவும் முடியப் போகும்போது, ஸ்டெல்லா திடீரென்று, "முதுகுல இருந்த கடப்பாரை போயிடுச்சு" என்றாள். டாக்டரம்மா பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. குழந்தை திரும்பிவிட்டது. (சிரிப்பில்தான் திரும்பியது என்று ஸ்டெல்லா இன்றும் சாதிக்கிறாள். டாக்டரம்மாவைக் கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது, பெரும்பாலும் தானாகவே திரும்பும்" என்றார். எப்படியோ, பீரோ மாதிரி இல்லை, தானே திரும்பியது.)

மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஜோயல் பிறந்தான். ஒன்று. பையன். நான் எதற்கும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

ஸ்டெல்லா அவனை நெஞ்சில் போட்டுக்கொண்டு, "இப்ப கையை எடுக்கலாம்" என்றாள். எடுக்க முடியவில்லை. இரண்டு கையும் மரத்துப் போய் அப்படியே விறைத்திருந்தது. சிஸ்டர்தான் விரல் விரலாக நீவிவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சபை வந்துவிட்டது. ஒரே மாதிரி இரண்டு ரோஸ் கவுன், இரண்டு தொப்பி, இரண்டு ஜோடி சாக்ஸ். தொட்டிலை எட்டிப் பார்த்த ஓர் அம்மா, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொண்ணு எங்கப்பா? நல்லா இருக்குல்ல?" என்று கண் கலங்கக் கேட்டார். அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பாஸ்டர் மைக்கில் வாசித்தார்: "கடந்த வார அறிவிப்பில் சிறு திருத்தம். இரண்டு அல்ல, ஒன்று. பெண் அல்ல, ஆண். மற்றபடி ஸ்தோத்திரம்." அதற்கும் தட்டினார்கள். தம்புரீனும் இருந்தது.

அன்றிலிருந்து எங்களிடம் யாராவது, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால், ஸ்டெல்லா என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்: "நான் பெத்தது ஒண்ணு. இவர் போன்ல பெத்தது ரெண்டு."

வீட்டுக்குள் இருந்தவரை சரி. இந்த வருஷம் ஜோயலுக்குப் புது வகுப்பு, புது மிஸ். கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று அந்த மிஸ் கேட்டிருக்கிறார். இவன் எழுந்து நின்று, "ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க மிஸ். அப்பாவோடது. அம்மாவுக்கு முதல்ல தெரியாது. போன்லதான் தெரிஞ்சுது" என்று சொல்லியிருக்கிறான்.

மிஸ் ஸ்டெல்லாவை மட்டும் தனியாக வரச்சொன்னார். நான் ஸ்கூல் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன். மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல எல்லாம் சரியா இருக்கா? எப்படித்தான் தாங்கிக்கிறீங்க?" என்று கேட்டாராம். ஒரு வார்த்தை விளக்கிச் சொன்னால் முடிந்துபோகிற விஷயம். ஸ்டெல்லா பெருமூச்சு விட்டு, "என்ன மிஸ் பண்றது, ஜோயலுக்காகத்தான் சகிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டு வீடு வரைக்கும் சிரித்தாள்.

அந்த மிஸ் இன்றைக்கு வரை என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதில்லை.